பொய்யா ஒண்ணு சொல்லுங்க

“இப்போ பொய்யா ஒண்ணு சொல்லுங்க” என்கிறாள் வார்த்தை அக்கா. இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்த தாளின் ஒரு நுனி அவள் கையில் இருக்கிறது. மறுநுனி குழாய் ரிப்பேர்காரரின் கையில். இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் இரண்டு பேரும் அப்படியே நிற்கிறார்கள்.

“பொய்யா என்னத்தம்மா சொல்றது? எனக்கு ஒரு வீட்டுல தண்ணி ஒழுகிக்கிட்டு இருக்கு.”

“ஒழுகட்டும். அந்த வார்த்தையை வச்சு ஒரே ஒரு பொய். சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.”

ரிப்பேர்காரர் கணினித் திரையின் ஓரத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு துண்டுத் தாளில் அந்த வாரத்து வார்த்தை ஒட்டியிருக்கிறது: மெட்டிக்குலஸ். அதாவது, ஒன்றைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஆள். ரிப்பேர்காரர் தலையைச் சொறிகிறார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “என் மச்சான் ரொம்ப மெட்டிக்குலஸா வேலை பார்ப்பான்” என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அக்கா தாளை விட்டுவிடுகிறாள். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

இந்தக் கடை ஒரு மாடிப்படியின் வயிற்றுக்குள் இருக்கிறது. நகல் எடுப்பது, தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புவது, இவைதான் தொழில். இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் முதல் இருவரில் ஒருவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் இடம் தர வேண்டும். கூரை படிக்கட்டுப் போலவே சரிந்து இறங்குவதால், உள்ளே போகப் போக எல்லோரும் தானாகவே பணிவாகிவிடுவார்கள். மேலே யாராவது படியிறங்கினால் அக்கா தலையைத் தூக்காமலே “மூணாவது மாடி டீச்சர், செருப்பு புதுசு” என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அவளுக்கு வாரம் ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலையில் வீணாய்ப்போன தாள்களின் குவியலைக் கிளறுவாள். யாருக்கோ வந்த மறுப்புக் கடிதம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், வங்கி நோட்டீஸ் என எதிலாவது வாயில் நுழையாத ஆங்கில வார்த்தை ஒன்று அகப்படும். அதைப் பிடித்து, அகராதியில் அதன் பூர்வீகம் விசாரித்து, திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுவாள். சனிக்கிழமை வரைக்கும் அதற்கு அங்கேதான் குடித்தனம். அந்த ஆறு நாளும் அந்தக் கடையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு தாளிலும் அந்த வார்த்தை எப்படியாவது ஏறி உட்கார்ந்துவிடும். விடுப்புக் கடிதமா, வீட்டு ஒப்பந்தமா என்றெல்லாம் பேதம் கிடையாது.

எஃபெமரல் என்று ஒரு வாரம். சற்று நேரம் இருந்துவிட்டு மறைந்து போகிறது என்று அர்த்தம். அந்த வாரம் தெருவிளக்கைப் பற்றி ஒரு புகார் போயிற்று: எங்கள் தெருவிளக்கு எஃபெமரலாக இருக்கிறது. ஒன்றரை வருடம் அசையாத அலுவலகம், மறுநாளே ஏணியோடு ஆளை அனுப்பிவிட்டது. அது ஏதோ வெடிக்கிற சமாசாரம் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

வீட்டிலும் இதே கதைதான். ஆம்பிவலன்ட், அதாவது எதிலும் நிற்காத இரட்டை மனம், வந்த வாரத்தில் கணவரிடம் “டீயா, காபியா?” என்று கேட்டாள். “ஏதோ ஒண்ணு” என்றார் அவர். “நீங்க ரொம்ப ஆம்பிவலன்ட்” என்றாள். பாவம், மனிதர் புறங்கையால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைக்கு வருகிறவர்களும் தப்ப முடியாது. தாள் கைக்கு வர வேண்டுமானால் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை வைத்துத் தன்னைப் பற்றி ஒன்று, தனக்குப் பிடிக்காத ஆளைப் பற்றி ஒன்று, சுத்தப் பொய்யாக ஒன்று. முதல் இரண்டையும் எல்லோரும் எப்படியோ தள்ளிவிடுவார்கள். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

“அர்த்தம் தெரிஞ்ச மாதிரி யாரு வேணா தலையாட்டலாம். அதை வச்சுப் பொய் சொல்லணும்னா உள்ள போய்ப் பார்த்துட்டு வந்திருக்கணும்” என்பாள்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். விடாமல் கேட்டால் சொல்லுவாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அவர் சொல்லச் சொல்ல, அர்த்தம் தெரியாமலே ஆறு வருடம் தட்டியிருக்கிறாள். ஒரு நாள் ஏதோ கம்பெனிக்காக ஒரு வேலைநீக்கக் கடிதம். அதை வாங்கிக்கொள்ள வேலை போன ஆளே வந்திருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்து, “பாப்பா, இது என்னன்னு சொல்லேன். நீதானே அடிச்சே” என்று கேட்டார். இன்கரிஜிபிள் என்று இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகுதான் அகராதியைத் தேடிப் போய்ப் பார்த்தாள். திருத்தவே முடியாதவன் என்று போட்டிருந்தது.

“நான் எறிஞ்ச கல்லு ஒருத்தர் மண்டையில விழுது. அது எவ்வளவு கனம்னுகூட எனக்குத் தெரியல” என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அக்காவின் வித்தைக்கு மசியாத ஒரே ஆள் அவள் ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அடுப்படியும் ஒன்றுதான். அண்ணன் மனைவி இவள், தம்பி மனைவி அவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். ஆள் உயரம், பேச்சு குட்டை. அக்கா புது வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவரும் திங்கட்கிழமைகளில், “இந்த வாரம் யாரு வந்திருக்கா?” என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன் சின்னவளின் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டு காலிலும் கம்பி. எழுந்து நடக்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைக் குளிப்பாட்டுவது முதல் திருப்பிப் படுக்க வைப்பது வரை சின்னவள்தான் செய்கிறாள். அதற்கு மேல் வீட்டு வேலை, பக்கத்து வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிற வேலை. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு இரண்டு பேர் தேவை என்று அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை. வேலைக்குச் சேர்ந்தவரின் குடும்பத்துக்கு வைத்தியம் அங்கேயே நடக்கும். சின்னவள் அந்த அறிவிப்பைக் கிழித்து மடித்து அக்காவின் கடை மேசையில் வைத்தாள்.

“எனக்கு ஒண்ணு அடிச்சுக் கொடுங்க” என்றாள். பதினோரு வருடத்தில் அவள் அக்காவிடம் கேட்ட முதல் உதவி அது.

அந்த வாரத்து வார்த்தை இன்டிஃபாட்டிகபிள். சளைக்காதவர், களைப்பே அறியாதவர். இந்த வார்த்தை இவளுக்காகவே வந்து சேர்ந்திருக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றியது. மூன்றாவது வரியில் அழகாகப் பதித்தாள். மூன்று வாக்கியம் கேட்காமலே தாளைக் கொடுத்தாள். ஓரகத்தியாயிற்றே.

அதே வேலைக்கு அதே வாரம் அதே தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். வேன் ஓட்டுகிற தம்பி, தையல்கார அண்ணன், வேலையிழந்த காவலாளி ஒருவர், அவர் தங்கை. வேறு எந்தத் தட்டச்சுக்காரராக இருந்தாலும் சுதாரித்திருப்பார். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். தையல்காரர் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் தூங்காமல் தைத்தவர். காவலாளி பத்து வருடம் நின்றே கழித்தவர். பொருந்துகிறதா என்றால் பொருந்துகிறது. நாலு பேருக்கும் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை கடை போன் அடித்தது. அவள் அச்சடிக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் கடை நம்பர் இருக்கும்.

“ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். ஆள் எடுக்கிறது நான்தான்” என்றது ஒரு பெண்குரல். “அஞ்சு விண்ணப்பம் வந்திருக்கு. அஞ்சு பேருமே இன்டிஃபாட்டிகபிள். உங்க தெருவுல யாருமே உக்காரவே மாட்டாங்களா?”

“மேடம், அஞ்சு பேருக்கும் பொருந்துச்சு.”

“எனக்கு என்னமோ ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. சனிக்கிழமை வரச் சொல்லுங்க. அந்த வார்த்தையைத்தான் கேப்பேன். அவங்க சொந்தமாச் சொன்னது எதுவும் இல்லேன்னா அஞ்சையும் ஓரமா வச்சுடுவேன்.”

போனை வைத்துவிட்டு அக்கா திரும்பினாள். திரையின் ஓரத்தில் அந்த வார்த்தை ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே நாலு பேருக்கும் கடையில் பயிற்சி. கடைக்குள் இரண்டு பேர், படியில் இரண்டு பேர். வேன் தம்பி அந்த வார்த்தையை ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று நின்று சொன்னான். கடைசியில் ஒரு வழியாக வந்து சேர்ந்ததும் “என் வண்டி இன்டிஃபாட்டிகபிள்” என்றான்.

“இது உண்மையா, பொய்யா?”

“பொய்தான்க்கா. இன்னிக்குக்கூட தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்.”

“தேறிட்டே. அடுத்து யாரு?”

நாலு பேரும் தேறினார்கள். ஐந்தாவது ஆள் வீட்டில் இருந்தாள்.

பின்கட்டில் சின்னவள் போர்வை ஒன்றை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அக்கா போன் வந்த கதையைச் சொன்னாள்.

“மூணே வாக்கியம்டி. அஞ்சு நிமிஷம்.”

“நான் வேலை கேட்டுப் போறேங்க்கா. பாடம் ஒப்பிக்கப் போகல.”

“கேப்பாங்கடி.”

“கேட்டா சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு சொல்லுவே?”

“உங்க பேரைத்தான்.”

“விளையாடாதே. அர்த்தமாவது தெரிஞ்சுக்கோ. களைப்பே தெரியாதவள்னு அர்த்தம்.”

சின்னவளின் கை நின்றது. போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“யாருக்குத் தெரியாது?”

“உனக்குத்தான்.”

“எனக்கா?”

அவள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் கேட்பவருக்கு உடன் சிரிக்கத் தோன்றாத சிரிப்பு. “பதினோரு வருஷமா ஒரே வீட்டுலதான் இருக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போர்வையைக் கொடியில் போடப் போனாள்.

அந்த வாக்கியம் அக்காவின் காலில் முள் மாதிரி ஏறிக்கொண்டது. மறுநாள் கடையில் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. அகராதியை மறுபடி எடுத்தாள். சளைக்காத, அயராத, சோர்வறியாத என்று அது தன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போயிற்று. களைப்பே வராதவரா, களைப்பு வந்தாலும் நிறுத்தாதவரா? அதைப் பற்றி அகராதி வாயே திறக்கவில்லை. இரண்டும் ஒன்றாகுமா? அக்கா பென்சிலைக் கடித்தாள்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவள் ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தால் வீடு திரும்ப ஏழு. இடையில் வீட்டில் நடக்கிற ஒரு பகலைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. சின்னவளைப் பற்றி அவள் எழுதியது, ஒன்பது மணிக்கு முன்னாலும் ஏழு மணிக்குப் பின்னாலும் பார்த்ததை வைத்துத்தான்.

மதியம் கடையை இழுத்து மூடினாள். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பின்கட்டு தெரிந்தது.

சின்னவள் துணியை அலசினாள், பிழிந்தாள், உதறினாள். எழுந்தாள், குனிந்தாள். இதெல்லாம் அக்கா எதிர்பார்த்ததுதான். பிறகு சின்னவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வாய் அசைந்தது. ஏதாவது வேண்டிக்கொள்கிறாளோ என்று அக்கா காதைத் தீட்டினாள். இல்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது வரைக்கும் எண்ணினாள். இருபது வந்ததும், யாரோ அதட்டியதுபோல எழுந்து வாளியை நிமிர்த்தி அடுத்த துணியை எடுத்தாள். உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார். “வந்துட்டேன்” என்றாள். அந்தக் குரலில் களைப்பு மருந்துக்குக்கூட இல்லை.

அக்கா வந்த வழியே செருப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

சாயங்காலம் அடுப்படியில், சின்னவள் முகத்தைப் பார்க்காமல், “உன் விண்ணப்பத்துல நான் பொய் எழுதிட்டேன்” என்றாள்.

“எது?”

“அந்த வார்த்தை. போன் பண்ணி மாத்தச் சொல்லட்டுமா?”

“எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் விடுங்க. நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும். அவருக்குச் சாப்பாடு மட்டும் கொடுத்துடுங்க.”

“எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், அவர் பார்த்துப்பார். நானும் உன்கூட வரேன்.”

சின்னவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சுவரோரம் நின்றாள். அறைக்கதவு முழுதாகச் சாத்தாத ரகம். உள்ளே பேசுவது வெளியே துல்லியமாகக் கேட்டது. தையல்காரர் மூன்று வாக்கியத்தையும் பொத்தான் தைத்த மாதிரி சரியாகச் சொன்னார். காவலாளியும் அவர் தங்கையும் அப்படியே. வேன் தம்பி வண்டிப் பொய்யைச் சொன்னான். உள்ளே, போனில் பேசிய அந்த அம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் அவர், “எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்டப் படிச்சிருக்கீங்க போல” என்று சொன்னதும் கேட்டது. அக்கா பெஞ்சில் மிச்சமிருந்த சின்னவளைப் பார்த்தாள்.

கடைசியாகச் சின்னவள் போனாள்.

“உங்களுக்கும் அதே கேள்விதான். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?”

“களைப்பே தெரியாதவன்னு அர்த்தமாங்க. எங்க அக்கா போட்டது. அது பொய்ங்க.”

நடைபாதையில் அக்கா கதவருகே நகர்ந்தாள்.

“பொய்யா? அப்ப உண்மை என்ன?”

“எனக்கு நல்லாவே களைக்கும். கால் கடுக்கும். பிழியப் பிழிய இந்த மணிக்கட்டு விட்டுப்போகும். எல்லாரையும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வேலை செய்வேன். பாதியில மட்டும் விட மாட்டேங்க. பாதியில விட்டா, அடுத்த நாளு அந்தப் பாதியும் நான்தானே செய்யணும்?”

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அந்த அம்மாளின் குரல் வந்தது. “அப்ப களைப்பே தெரியாதவங்கன்னு யாரும் இல்லையா?”

“துவைக்கிற மெஷினைத்தான் சொல்லணும். அதுவும் ரிப்பேராகி நின்னுடுதுங்க.”

“எங்க மெஷின் ரெண்டும் போன மாசத்திலேருந்து ரிப்பேர்மா. அதுக்குத்தான் ஆளே எடுக்கிறோம்.”

அக்கா தன்னையறியாமல் விரல்விட்டு எண்ணினாள். தன்னைப் பற்றி ஒன்று, பிடிக்காத ஆளுக்குப் பதில் மெஷினைப் பற்றி ஒன்று, பொய் எதுவென்று சுட்டிக்காட்டியது ஒன்று. மூன்றும் வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்த ஆள் யார் என்றுதான் தெரியவில்லை.

சின்னவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசல் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்த பிறகுதான், “திங்கக்கிழமை ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க” என்றாள். “இன்னொரு இடம் தையல்காரருக்காம். கிழிஞ்சா அங்கேயே தச்சுக்கலாம்னு.”

“மத்த மூணு பேரு?”

“வேன்காரரை டிரைவர் இடம் காலியானா கூப்பிடறேன்னு சொன்னாங்க. பாக்கி ரெண்டு பேருக்கு நீங்க புதுசா ஒண்ணு அடிச்சுக் கொடுங்க. இந்தத் தடவையாவது அவங்ககிட்டக் கேட்டுட்டு அடிங்க.”

அக்கா தலையாட்டினாள். 

வீடு பூட்டியிருந்தது, சாவி அக்காவின் கணவரிடம் இருந்தது. அவர் தம்பிக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். வரும் வரைக்கும் கடையில் இருக்கலாம் என்று இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா மின்விசிறியைப் போட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்தாள். “இந்த வாரம் யாரு...” என்று ஏதோ கேட்க ஆரம்பித்தவள், கேட்டு முடிக்காமலே மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் அவசரமாகப் படியிறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வேண்டுமாம், உடனே வேண்டுமாம். அக்காவின் அச்சு இயந்திரமோ ஒரு தாளைத் துப்புவதற்குள் மாவு மில் மாதிரி அலறுகிற ஜாதி.

அக்கா உதட்டில் விரலை வைத்தாள். இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். ஒரு வெள்ளைத் தாளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைச் சத்தமில்லாமல் கழற்றி, அந்தப் பெண் காதருகே சொல்லச் சொல்லக் கையாலேயே எழுத ஆரம்பித்தாள்.